மூடி விழுவதற்கு முன்: சிறு இயற்கைத் தோட்டத்தில் ஷாம்பெயின் செய்யும் வரிசை

குமிழி ஒயினான ஷாம்பெயின் இரண்டு முறை நொதிக்கிறது. முதல் நொதிப்பு தொட்டியில் நடக்கும். இரண்டாவது, மூடிய பாட்டிலுக்குள். தொட்டியில் இருக்கும்வரை தவறைப் பார்க்கலாம், முகரலாம், ஓரளவு திருத்தலாம். பாட்டிலுக்கு மூடி விழுந்துவிட்டால் உள்ளே போனது உள்ளேதான். அங்ககச் சான்று (இயற்கை வேளாண்மைச் சான்று) பெற்ற தோட்டத்துக்கு இது இன்னும் கண்டிப்பு, ஏனென்றால் மற்றவர்கள் கடைசி நேரத்தில் கையில் எடுக்கும் சிகிச்சைகள் பலவும் நமக்குத் தடை.

நான் வேலை செய்வது பிரான்சில், ஷாம்பெயின் வட்டாரத்தின் தென்முனையான ஓப் மாவட்டத்தில், நான்கு ஹெக்டேர் திராட்சைத் தோட்டம் ஒன்றில். ஒவ்வொரு பருவத்துக்கும் இரண்டு மூன்று புதியவர்கள் பயிற்சிக்கு வருவார்கள். எல்லோரும் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். அந்த இடங்களில் மட்டும் நிறுத்தி எழுதுகிறேன். இங்குள்ள சட்ட அளவுகள் ஷாம்பெயினுக்கு உரியவை. வேறு வட்டாரத்தில் அளவுகள் மாறும், வரிசை மாறாது.

1. முதலில் கையில் இருக்க வேண்டியவை

சான்று: திராட்சை பல்லாண்டுப் பயிர் என்பதால் இயற்கை முறைக்கு மாறும் காலம் மூன்று ஆண்டுகள். அது முடியும்வரை முழு அங்கக ஒயின் என்று முகப்புச் சீட்டில் போட முடியாது. எனவே பணக் கணக்கை நான்காம் ஆண்டிலிருந்து போடாதீர்கள். நான்காம் ஆண்டில் பறித்த பழம் விற்பனைக்கு வர மேலும் இரண்டு ஆண்டுகளாவது ஆகும்.

சர்க்கரை: இரண்டாம் நொதிப்புக்கும் கடைசி இனிப்புக்கும் சேர்க்கும் சர்க்கரையும் அங்ககச் சான்று பெற்றதாக இருக்க வேண்டும். அவசரத்துக்குப் பக்கத்துக் கடையில் வாங்கிய மூட்டை ஒன்று மொத்தத் தொட்டியின் சான்றையும் கெடுத்துவிடும். ரசீதை ஒயின் விற்று முடியும்வரை வைத்திருங்கள்.

வாடகை வேலைகள்: சிறு தோட்டக்காரர் எல்லா இயந்திரமும் வாங்க வேண்டியதில்லை. பாட்டிலில் அடைக்கவும் வண்டல் (பாட்டிலுக்குள் படியும் செத்த ஈஸ்ட்) அகற்றவும் லாரியில் இயந்திரத்தோடு வீட்டு வாசலுக்கே வருகிறார்கள். அந்த ஒப்பந்தக்காரரும் சான்றுக் கண்காணிப்புக்குள் வருகிறாரா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பிழிபொறியைப் பிறரோடு பகிர்ந்தால், உங்கள் முறைக்கு முன் அதைக் கழுவிய நேரத்தைக் குறித்து வையுங்கள். ஆய்வாளர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.

கருவிகள்: அழுத்தமானி, துல்லியமான தராசு, நல்ல வெப்பமானி, முகக்கவசம், தடித்த கையுறை. இவற்றோடு கரியமில வாயு எச்சரிக்கைக் கருவி. இந்தக் கடைசிப் பொருளில் சிக்கனம் வேண்டாம். ஆயிரம் லிட்டர் சாறு நொதித்து முடியும்போது 40 கன மீட்டருக்கும் மேல் வாயு வெளிவருகிறது. அது காற்றைவிடக் கனமானது. தரையோடு தரையாகத் தேங்கி நிற்கும். கீழே விழுந்த திருகாணியை எடுக்கக் குனிகிறவருக்கும் ஆபத்துதான்.

2. தோட்டத்தில்: செம்பும் கந்தகமும்

அடிச்சாம்பல் நோய்க்குச் செம்பு, சாம்பல் நோய்க்குக் கந்தகம். நம் ஊர் விவசாயிகளுக்குப் பழகிய மயில்துத்தக் கலவைதான். ஐரோப்பிய விதிப்படி ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்கு மேல் போடக் கூடாது; சராசரியாக ஆண்டுக்கு 4 கிலோ.

இரண்டுமே இலையின் மேல் படிந்து காக்கிறவை. உள்ளே புகுந்த நோயைக் குணப்படுத்தாதவை. ஆகவே மழைக்கு முன் அடிக்க வேண்டும். புதியவர்கள் மழை விட்ட பிறகு, இலையில் எண்ணெய்த் துளி போன்ற மஞ்சள் புள்ளியைப் பார்த்த பிறகு ஓடுவார்கள். அதற்குள் நோய் உள்ளே குடியேறியிருக்கும். தளிர் 10 செ.மீ. வளர்ந்து, வெப்பம் 10 டிகிரியைத் தாண்டி, 10 மி.மீ. மழை பெய்தால் முதல் தொற்று வரும் என்பது பழைய கணக்கு. இன்றும் அது உதவுகிறது. 2021இல் உறைபனிக்குப் பின் விடாத மழை பெய்தபோது, ஒரு தெளிப்பைத் தள்ளிப்போட்ட இயற்கைத் தோட்டங்கள் கூடை எடுக்கும் வேலையே இல்லாமல் நின்றன.

கந்தகத்தை அறுவடைக்கு ஐந்தாறு வாரங்களுக்கு முன்பே நிறுத்துங்கள். பழத்தோலில் மிஞ்சிய கந்தகம் நொதிக்கும் தொட்டியில் அழுகிய முட்டை வாடையாகத் திரும்பி வரும்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது: களைக்கொல்லி இல்லாததால் வரிசைகளுக்கு நடுவே புல் வளர்க்கிறோம். அந்தப் புல் மண்ணிலுள்ள தழைச்சத்தைக் கொடியோடு போட்டியிட்டு எடுத்துக்கொள்கிறது. விளைவு, சாற்றில் ஈஸ்டுக்கு உணவு குறைகிறது. ஐந்தாம் படியில் இது திரும்ப வரும்.

3. அறுவடை நாளைக் குறித்தல்

சாப்பிடுவதற்கு இனிக்கும் பழம் நமக்கு அளவுக்கு மீறி முற்றிய பழம். முதல் நொதிப்பில் கிடைக்கும் அடிப்படை ஒயினில் ஆல்கஹால் 10 முதல் 11 சதவீதம் போதும், ஏனென்றால் பாட்டிலுக்குள் நடக்கும் நொதிப்பு இன்னும் 1.2 முதல் 1.4 சதவீதம் வரை கூட்டும். அதற்கு மேல் போனால் இரண்டாம் முறை ஈஸ்ட் வேலை செய்யாமல் படுத்துவிடும். புளிப்பும் வேண்டும், காரஅமிலக் குறியீடு (pH) 3.0க்கும் 3.2க்கும் இடையே இருந்தால் நிம்மதி. எண்ணைப் பார்த்தபின் பழத்தை மென்றும் பாருங்கள். விதை பச்சையாகக் கசந்தால் இரண்டு நாள் பொறுக்கலாம்.

ஷாம்பெயினில் கையால்தான் பறிக்க வேண்டும், முழுக் குலையாக. அழுகல் தடுப்பு மருந்து நாம் அடிப்பதில்லை; எனவே சாம்பல் நிற அழுகல் பூஞ்சை பிடித்த குலையைத் தோட்டத்திலேயே கத்தரித்துத் தரையில் போடச் சொல்லுங்கள். பிழிபொறி வரை வந்துவிட்டால் அதை யாரும் பிரிக்க மாட்டார்கள்.

4. பிழிதல்

மரபான ஒரு பிழிப்புக்கு 4,000 கிலோ பழம். அதிலிருந்து 2,550 லிட்டர் சாறுதான் எடுக்கலாம்: முதல் 2,050 லிட்டர் 'குவே', அடுத்த 500 லிட்டர் 'தாய்' (பிரெஞ்சில் taille). இரண்டையும் தனித்தனித் தொட்டியில் விடுங்கள். பின்னால் வருவதில் புளிப்பு குறைவு, தோலின் கசப்பு அதிகம், சீக்கிரம் முதிரும். கலப்பது பிறகு எப்போதும் முடியும். கலந்ததைப் பிரிக்க முடியாது.

கருநீலப் பழமான பினோ நுவாரில் வெள்ளைச் சாறு எடுக்கிறோம் என்பதால் அழுத்தத்தை மெல்ல ஏற்ற வேண்டும். குழாயில் வரும் சாறு இளஞ்சிவப்பாக மாறினால் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள்.

சாற்றைக் குளிர்ந்த நிலையில் ஓர் இரவு தெளிய விடுங்கள். காலையில் மேல்தெளிவை மட்டும் வேறு தொட்டிக்கு மாற்றுங்கள்.

5. முதல் நொதிப்பு

சாறு தெளிந்தவுடன் ஆய்வகத்தில் தழைச்சத்து அளவு பாருங்கள். லிட்டருக்கு 150 மி.கி.க்குக் கீழே இருந்தால் நொதிப்பு நடுவழியில் நிற்கக்கூடும். இயற்கைத் தோட்டத்தில் இது சர்வ சாதாரணம். புல்லைப் பற்றி மேலே சொன்னது இதற்காகத்தான். டைஅம்மோனியம் பாஸ்பேட் சேர்க்க அங்கக விதி அனுமதிக்கிறது. நொதிப்பு மூன்றில் ஒரு பங்கு முடிவதற்குள் சேர்க்க வேண்டும். நின்ற பிறகு சேர்த்தால், பசியில் செத்தவன் வாயில் சோறு ஊட்டுவதுதான்.

16 முதல் 18 டிகிரியில் வைத்திருங்கள். தினமும் காலையும் மாலையும் அடர்த்தி எழுதுங்கள். இரண்டு நாள் ஒரே எண் வந்தால் அன்றே ஏதாவது செய்ய வேண்டும். வாரக் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

அடுத்து மாலிக் அமிலம் லாக்டிக் அமிலமாக மாறும் நொதிப்பு. அதை முழுக்க நடக்க விடலாம், முழுக்கத் தடுக்கலாம். பாதியில் விடக் கூடாது. பாட்டிலுக்குள் அது மறுபடி தொடங்கினால், எவ்வளவு திருப்பினாலும் கீழே இறங்காத மெல்லிய மங்கல் உருவாகும். தடுக்கக் கந்தக டைஆக்சைடோ (சுருக்கமாகக் கந்தகம்) நுண்வடிகட்டியோ வேண்டும். கந்தகம் சேர்க்கத் தயங்கும் சிறு தோட்டத்துக்கு நான் சொல்வது: நடக்க விடுங்கள், முடிந்ததை ஆய்வகச் சீட்டில் பாருங்கள்.

6. மூடிக்கு முந்தைய சோதனை

முழு வேலையும் இந்தப் படியில்தான் நிற்கிறது. ஷாம்பெயினில் ஜனவரி 1க்கு முன் பாட்டிலில் அடைக்க அனுமதி இல்லை; பெரும்பாலானோர் வசந்தத்தில்தான் அடைக்கிறார்கள். அந்த இடைவெளி முழுவதும் இதற்குத்தான்.

மிச்சச் சர்க்கரை: ஆய்வகத்தில் 'குளுக்கோஸும் ஃபிரக்டோஸும்' எவ்வளவு என்று கேளுங்கள். வெறுமனே மொத்தச் சர்க்கரை கேட்டால், ஈஸ்ட் தின்னாத சர்க்கரையையும் சேர்த்து ஓர் எண் வரும். அதை நம்பி எட்டாம் படிக் கணக்கில் கழித்தால் அழுத்தம் குறைந்துபோகும்.

படிகம்: குளிரில் டார்டாரிக் உப்பு சிறு கண்ணாடித் துகள்போல் படியும். தொட்டியை மைனஸ் 4 டிகிரி அளவில் ஒரு வாரம் வைத்து அதை முன்கூட்டியே படிய விட்டு வடிகட்ட வேண்டும். மின்முறையில் உப்பைப் பிரிக்கும் எளிய வழி அங்கக ஒயினுக்குத் தடை, குளிர்தான் கதி. நான் சேர்ந்த இரண்டாம் ஆண்டு, பனிக்காலம் போதுமான குளிர் தந்துவிட்டது என்று நம்பி இந்தப் படியைத் தாண்டினோம். மூன்று ஆண்டு கழித்து மூடி திறந்த நாளில் பாட்டில்கள் எரிமலைபோல் பொங்கின. ஒவ்வொரு படிகமும் ஆயிரம் குமிழிக்கு வித்து. பாதி ஒயின் என் காலணிக்குள் போனது. மீதியை மற்ற பாட்டில்களை நிரப்பப் பயன்படுத்தினோம்.

கந்தகம்: கட்டற்ற கந்தக டைஆக்சைடு லிட்டருக்கு 10 முதல் 15 மி.கி.க்கு மேல் இருந்தால் ஈஸ்ட் தொடங்கத் திணறும். தரக் குமிழி ஒயினுக்கு மொத்தக் கந்தக வரம்பு 185 மி.கி.; அங்கக ஒயினுக்கு 155. கவனமாக வேலை செய்கிற தோட்டம் அதன் பாதியைக்கூடத் தொடாது.

கலப்பு: வெவ்வேறு தொட்டிகளைச் சுவைத்துக் கலப்பதும் இப்போதுதான். கலந்த பிறகு குளிரூட்டுங்கள். குளிரூட்டிய பிறகு கலக்காதீர்கள். தனித்தனியாகத் தெளிந்த இரண்டு ஒயின்கள் சேர்ந்ததும் மீண்டும் படிகம் விடலாம்.

7. ஈஸ்டைப் பழக்குதல்

பாட்டிலுக்குள் ஈஸ்டுக்குக் காத்திருப்பது ஆல்கஹால், குளிர், புளிப்பு, ஏறும் அழுத்தம். பாக்கெட்டிலிருந்து நேராகக் கொட்டினால் பெரும்பகுதி செத்துப்போகும். மூன்று நாள் பழக்க வேண்டும்.

முதலில் 35 முதல் 38 டிகிரி வெந்நீரில் கொஞ்சம் சர்க்கரையோடு இருபது நிமிடம் ஊற விடுங்கள். பிறகு ஒயினைச் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஒவ்வொரு முறையும் வெப்பம் 10 டிகிரிக்கு மேல் விழாதபடி பாருங்கள். இடையிடையே கிளறிக் காற்றூட்டுங்கள். அப்போதுதான் ஈஸ்ட் பெருகும். முழு ஒயினில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பங்கு இந்தக் கரைசல் வேண்டும்.

இட்லி மாவு பொங்கிய பிறகு ஒரு மணி நேரம் தாமதித்தாலும் இட்லி வரும். இது அப்படி இல்லை. கரைசலில் சர்க்கரை தீர்ந்து நுரை அடங்கிவிட்டால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். நுரை உச்சத்தில் இருக்கும்போதே சேர்க்க வேண்டும். ஆகவே அடைக்கும் லாரி வரும் நேரத்தை உறுதி செய்துகொண்டு, அதிலிருந்து பின்னோக்கி எண்ணித் தொடங்குங்கள்.

8. பாட்டிலில் அடைத்தல்

பிரெஞ்சில் இதற்கு 'திராஜ்' என்று பெயர். லிட்டருக்கு 4 கிராம் சர்க்கரை ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். 24 கிராம் போட்டால் சுமார் 6 பார். கார் டயரில் இருப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல்.

கணக்கு: ஒயினில் ஏற்கெனவே 1.5 கிராம் இருந்தால் 24 கழித்தல் 1.5, அதாவது 22.5 கிராம். ஆயிரம் லிட்டருக்கு 22.5 கிலோ. ஈஸ்ட் கரைசலோடு போகும் சர்க்கரையையும் இதில் கழியுங்கள். இந்தக் கணக்கை இரண்டு பேர் தனித்தனியே போட்டு, தாளைப் பிறகு ஒப்பிட வேண்டும். ஒருவர் போட்டதை இன்னொருவர் எட்டிப் பார்ப்பது சரிபார்த்தல் ஆகாது.

சர்க்கரையை ஒயினிலேயே பாகுபோல் கரைத்துச் சேருங்கள். மணலாகக் கொட்டினால் தொட்டியின் அடியில் தங்கும். வண்டல் கட்டியாகச் சேர உதவும் பெண்டோனைட் களிமண்ணும் இப்போது சேரும்.

அடைத்து முடியும்வரை தொட்டியின் கலக்கி ஓட வேண்டும். பயிற்சிக்கு வந்த ஒருவர் மதிய உணவுக்குப் போகும்போது அதையும் அணைத்துவிட்டுப் போனார். ஈஸ்ட் அடியில் இறங்கிவிட்டது. அதன்பின் அடைத்தவற்றில் முதல் வரிசைக்கு ஈஸ்ட் திணிந்து வந்தது, கடைசி வரிசை பல மாதம் அசையவே இல்லை.

பாட்டில் புதியதாக இருக்கட்டும். மறுபயன்பாட்டில் எனக்கும் ஆசை உண்டு. ஆனால் பழைய பாட்டிலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கீறல் போதும். மூடி, சோடா பாட்டில் மூடி போன்ற தகர மூடிதான். உள்ளே வண்டலைப் பிடிக்க ஒரு சிறு பிளாஸ்டிக் கிண்ணம் இருக்கும். கோலி சோடாவில் வாயுவே கோலியைத் தூக்கி வாயை அடைத்துக்கொள்ளும். இங்கே அந்த வசதி இல்லை. நூறு பாட்டிலுக்கு ஒருமுறை மூடியின் இறுக்கத்தை அளந்து பாருங்கள்.

9. பாதாள அறையில்

பாட்டில்களைப் படுக்க வைத்து, வரிசைக்கு நடுவே மெல்லிய மரச் சட்டம் வைத்து அடுக்குங்கள். 11, 12 டிகிரி நல்லது. வேகமாக நொதித்தால் குமிழி முரடாகும். இந்தக் குளிரில் ஆறு முதல் எட்டு வாரம் எடுக்கும். வாரம் ஒரு பாட்டிலை அழுத்தமானியால் குத்திப் பாருங்கள். நான்காம் வாரத்திலும் முள் அசையாவிட்டால் அறையைச் சற்றுச் சூடாக்கலாம். அதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை.

குறைந்தது 15 மாதம் அறையில் இருக்க வேண்டும், அதில் 12 மாதம் வண்டலோடு. ஒரே ஆண்டு அறுவடை என்று ஆண்டு குறிப்பிட்டால் மூன்று ஆண்டுகள். அடுக்குக்குப் பக்கத்தில் முகக்கவசம் இல்லாமல் போகாதீர்கள். ஒன்று வெடித்தால் துப்பாக்கிச் சத்தம் கேட்கும். சில சமயம் பக்கத்துப் பாட்டில்களையும் கூட்டிக்கொண்டு போகும்.

10. திருப்புதல்

வண்டலைக் கழுத்துக்கு இறக்கும் வேலை. இயந்திரக் கூண்டு ஒரே சமயத்தில் 504 பாட்டிலை ஒரு வாரத்தில் முடிக்கும். கையால் செய்தால் நான்கிலிருந்து ஆறு வாரம். சில நூறு பாட்டில்தான் என்றால் துளையிட்ட மரப் பலகை போதும். ஒரு பக்கத்துக்கு 60 துளை.

முதலில் ஒவ்வொரு பாட்டிலையும் குலுக்கி, பக்கவாட்டில் ஒட்டிய வண்டலைக் கிளப்புங்கள். பிறகு பலகையில் செருகி, பாட்டிலின் அடியில் சுண்ணாம்பாலோ வெள்ளைச் சாயத்தாலோ ஒரு கோடு. அந்தக் கோடுதான் கடிகார முள். தினமும் எட்டில் ஒரு பங்கு சுற்று, ஒரு நாள் வலம், ஒரு நாள் இடம், பிறகு கால் சுற்று. கூடவே கொஞ்சம் செங்குத்தாக. மணிக்கட்டால் வெடுக்கென்று திருப்பி, துளையில் 'டக்'கென்று நிறுத்த வேண்டும். அந்தச் சிறு அதிர்ச்சிதான் வண்டலை நகர்த்துகிறது. பயபக்தியோடு மெதுவாகத் திருப்புகிறவர்களின் வண்டல் இருந்த இடத்திலேயே இருக்கும்.

நடுவில் தூக்கி வெளிச்சத்தில் பார்க்க எல்லோருக்கும் கை அரிக்கும். தூக்கினால் மேகம்போல் கலைந்துவிடும், மறுபடி முதலிலிருந்து. பாட்டிலை அசைக்காமல், பின்னால் விளக்கைப் பிடித்துப் பாருங்கள்.

11. வண்டல் வெளியேற்றமும் இனிப்பும்

பாட்டில்களைத் தலைகீழாகவே குளிர்வித்து, கழுத்தை மைனஸ் 27 டிகிரி உப்புக் கரைசலில் முக்கினால் வண்டல் பனிக்கட்டியாக உறையும். மூடியைத் தட்டியதும் அழுத்தமே அதைத் தள்ளிவிடும். கையால் செய்வதானால், பாட்டிலைத் தலைகீழிலிருந்து உயர்த்தும்போது உள்ளிருக்கும் வாயுக் குமிழி மேலேறி மூடியைத் தொடும் நொடியில் திறக்க வேண்டும். முன்னே திறந்தால் ஒயின் போகும், பின்னே திறந்தால் வண்டல் உள்ளே திரும்பும். முதல் இருபது பாட்டிலைத் தண்ணீரிலும் கரியமில வாயுவிலும் பழகிப் பாருங்கள்.

இனிப்புச் சேர்ப்பில் சிறு பெருக்கல்தான். லிட்டருக்கு 600 கிராம் சர்க்கரை உள்ள கரைசல் வைத்திருக்கிறீர்கள். ஒயினில் லிட்டருக்கு 6 கிராம் வேண்டும். முக்கால் லிட்டர் பாட்டிலுக்கு 4.5 கிராம், அதாவது 7.5 மி.லி. லிட்டருக்கு 6 கிராம் வரை 'எக்ஸ்ட்ரா ப்ரூட்', 12க்குக் கீழே 'ப்ரூட்'. சர்க்கரையே சேர்க்காமல், இயல்பாக இருப்பது 3 கிராமுக்குள் இருந்தால் 'ப்ரூட் நேச்சர்'. இயற்கைத் தோட்டம் என்றால் இனிப்பே கூடாது என்று ஒரு மோகம் இப்போது இருக்கிறது. புளிப்பு கடித்து இழுக்கிற ஆண்டில் 4 கிராம் போடுவதில் வெட்கம் ஒன்றும் இல்லை. 0, 2, 4, 6 என்று நான்கு பாட்டில் செய்து, மூன்று வாரம் வைத்து, பெயரை மறைத்துச் சுவைத்துவிட்டு முடிவெடுங்கள். அன்றே சுவைத்தால் சர்க்கரை தனியாக நிற்கும், ஏமாந்துபோவீர்கள்.

12. தக்கை

தக்கையின் கண்ணாடி பக்கம், அதாவது இயற்கைத் தக்கை வட்டுகள் ஒட்டிய பக்கம், கீழே வர வேண்டும். இதைத் தலைகீழாகப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பி வலையை ஆறு முறை அரைச் சுற்றாக, மொத்தம் மூன்று சுற்று, முறுக்குங்கள். பிறகு பாட்டிலை ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தினால் இனிப்பு கலந்துவிடும்.

மூன்று மாதம் அசைக்காமல் வையுங்கள். வண்டல் எடுத்த தேதியைப் பின்சீட்டில் அச்சிடுங்கள். ஒவ்வொரு தொகுப்பிலிருந்தும் பன்னிரண்டு பாட்டிலை வண்டலோடு, தகர மூடியோடு, அறையின் கடைசி மூலையில் ஒதுக்கிவிட்டு, அவை எந்தத் தொட்டி, எத்தனை கிராம் என்று சுவரிலேயே சுண்ணாம்பால் எழுதி வையுங்கள். காகிதம் அந்த ஈரத்தில் ஓராண்டு தாங்காது.